கோலை விட்டிட்டு ஓடின கீப்பர்

அந்தக் கோடை முழுக்க எனக்கு இரண்டு வேலை. திங்கள் தொடக்கம் வியாழன் வரை ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் அன்ரிமாரின் முழங்கால்களை மடக்கி நீட்டுவேன். வெள்ளிக்கிழமை விடிய பையைத் தூக்கிக்கொண்டு எயார்போட்டுக்கு ஓடுவேன். சனி, ஞாயிறில் நான் ஒரு தொழில்முறை லக்ரோஸ் வீராங்கனை.

இதைச் சொல்ல இப்பவும் எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் மோர்னிங்சைட் பகுதியில் என்னோடு வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் கூடைப்பந்து விளையாடினார்கள், பரதம் ஆடினார்கள். நான் மட்டும் நுனியில் வலைப்பை கட்டிய ஒரு நீண்ட மட்டையோடு திரிந்தேன். கல்லுப்போல ஒரு றப்பர் பந்து. அதைக் கையால் தொடாமல் மட்டையாலேயே ஏந்தி, ஓடி, எறிந்து, எதிர்ப்பக்கத்துக் கோலுக்குள் போடவேண்டும். இந்த மண்ணின் ஆதிக்குடிகளின் விளையாட்டு அது. அந்த விளையாட்டால்தான் எனக்கு அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைத்தது. படித்து முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு மட்டை கட்டிலுக்குக் கீழே போய்விட்டது.

இளவேனிலில் ஒருநாள் பஸ்சுக்கு நிற்கையில் போன் அடித்தது. புதிதாகத் தொடங்கிய பெண்கள் லக்ரோஸ் லீக் ஒன்றின் ரொறன்ரோ அணிக் கோச். தடுப்பு வரிசையில் நின்ற ஒருத்திக்குப் பிள்ளை கிடைக்கப்போகிறதாம், அந்த இடத்துக்கு வருவாயா என்று கேட்டார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்ற அங்கிள் ஒருவர், "என்ன பிள்ளை, ஆருக்கும் ஏதும் ஆயிட்டுதோ?" என்று பதறிப்போனார்.

முதல் போட்டிகளில் அடிமேல் அடி. தோற்றோம். பிறகு இரண்டை வென்றோம். எங்கள் கப்டன் ஆதிக்குடிப் பெண். சின்ன வயதிலிருந்தே அண்ணன்மாரோடு மோதி விளையாடி வளர்ந்தவள். அவளுக்குப் பக்கத்தில் ஓடுவதே எனக்குப் பெரிய விசயமாக இருந்தது. வீட்டில் அம்மா நான் விளையாடுவதை இணையத்தில் பார்ப்பா. அப்பாவுக்குக் கிரிக்கெற்தான் உயிர். தன் கூட்டாளிகளோடு கோடை ஞாயிறுகள் எல்லாம் மைதானத்திலேயே கிடப்பார். "உது நல்ல விளையாட்டுத்தான், ஆனா ஆர் எங்கை ஓடுறதெண்டு ஒண்டும் விளங்கேல்லை" என்பார்.

பிறகு எங்கள் சொந்த ஊர்ப் போட்டி வந்தது. ஞாயிறு பின்னேரம், நகரின் வடக்கே ஒரு பல்கலைக்கழக மைதானம். வெயிலும் புழுக்கமும். நான் உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருக்கும்போது பார்வையாளர் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கூட்டம் ஏறுவது தெரிந்தது. அப்பாவின் கிரிக்கெற் ரீம் முழுக்க! தங்கள் மச் முடிந்த கையோடு, வெள்ளை உடுப்பு மாற்றாமல், முழங்காலில் புல்லுக் கறையோடு வந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் அம்மா, மடியில் மட்டன் றோல்ஸ் பெட்டி.

எங்கள் அணியில் அன்றைக்கு ஒரேயொரு கோல்கீப்பர். மற்றவள் இடிமுழக்கத்தால் விமானம் நின்று வேறொரு நகரத்தில் அகப்பட்டிருந்தாள். இரண்டாம் பாதி தொடங்கிச் சொற்ப நேரத்தில், இருந்த ஒருத்தியும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். அவள் கால் திரும்பிய விதத்தைக் கண்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இனி இன்றைக்கு எழும்பமாட்டாள்.

"யாராவது எப்போதாவது கோலில் நின்றிருக்கிறீர்களா?" என்று கோச் ஆங்கிலத்தில் கேட்டார்.

ஏழாம் வகுப்பில் ஒரு வருடம் நின்றிருந்தேன். யோசிக்க முதல் கை உயர்ந்துவிட்டது. உடனே ஆளாளுக்கு எனக்கு நெஞ்சுக்கவசத்தையும் ஹெல்மெற்றையும் மாட்டத் தொடங்கினார்கள். எல்லாம் பெரிசு, எல்லாம் அவளின் வியர்வையில் ஈரம். கீப்பரின் மட்டை வேறு முறம் மாதிரி அகலம். கோலுக்குள் போய் நின்றேன். பயமா, சந்தோசமா என்று பிரிக்க முடியவில்லை.

முதல் பந்து வலைக்குள் விழுந்த பிறகுதான் அது வந்ததே எனக்குத் தெரிந்தது. இரண்டாவது தொடையில் பட்டு, கண்ணுக்குள் பூச்சி பறந்தது. ஆனால் கோல் இல்லை!

"விக்கெற் கீப்பர் மாதிரிக் குந்து பிள்ளை!" மைதானம் முழுக்கக் கேட்க அப்பா கத்தினார். "நல்லாக் குந்து!"

அவர் சொன்னபடி குந்தினேன். அடுத்த பந்து என் தலைக்கு மேலால் வலைக்குள் போனது. அதோடு, கோல் கணக்கில் முன்னுக்கு நின்ற நாங்கள் சமமாகிப்போனோம்.

கப்டன் ஓடிவந்து என் ஹெல்மெற்றின் கம்பியைப் பிடித்துத் தன் முகத்துக்குக் கிட்ட இழுத்தாள். "நீ கீப்பர் இல்லை, தடுப்பாட்டக்காரி. நின்று பார்க்காதே. வெளியே வந்து மறி" என்றாள்.

அது எனக்குப் பிடித்துக்கொண்டது. எறிய வருகிறவளை எதிர்த்துப் போனேன். ஒன்று நெஞ்சில் பட்டது, ஒன்று முழங்கையில், ஒன்று மட்டையில். ஒவ்வொன்றுக்கும் வெள்ளைக் கூட்டம் எழும்பிக் கத்தியது.

முடிய ஒருசில நிமிடங்களே இருந்தன. லக்ரோசில் கோலுக்குப் பின்னாலும் நின்று ஆடலாம்; அங்கிருந்து எதிரணிக்காரி ஒருத்தி தன் ஆளுக்குக் கொடுத்த பந்து என் மட்டைக்குள் வந்து விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். முன்னால் ஒருவரும் இல்லை. வெறும் பச்சைப் புல்.

ஓடினேன்.

கோச் என் பெயரைச் சொல்லி அலறுவது கேட்டது. நடுக்கோட்டைத் தாண்டினேன். "கோல் சும்மா கிடக்கு! பிள்ளை, கோல் சும்மா கிடக்கு!" என்று அப்பா. நிற்கவில்லை. அந்த முறத்தால் முழுப் பலத்தோடும் எறிந்தேன். பந்து கம்பத்தில் அடித்து 'டங்' என்றது.

தெறித்த பந்தை எதிரணித் தடுப்பாட்டக்காரி எடுத்து, வெறுமையாகக் கிடந்த எங்கள் கோலை நோக்கி மைதானத்தின் குறுக்காலே விட்டெறிந்தாள். அது துள்ளித் துள்ளி நேரே கோலுக்குப் போனது. நான் இந்தப் பக்கம், ஒன்றும் செய்ய முடியாமல் வாயைத் திறந்தபடி. அப்போதுதான் கண்டேன், கப்டன் அங்கே தனியாக ஓடிக்கொண்டிருந்தாள். நான் வெளிக்கிட்ட உடனேயே அவள் திரும்பியிருக்கிறாள். கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் பந்தை மட்டையால் அள்ளி எடுத்தாள். எடுத்த வேகத்திலேயே, நிமிராமல், என் பக்கம் எறிந்தாள்.

அந்தப் பந்து வானத்தில் வந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மட்டையை நீட்டினேன். விழுந்தது. எதிரணிக் கீப்பர் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாள். மற்றப் பக்கம் நிலத்தில் குத்தி எறிந்தேன். வலை அசைந்தது!

கொண்டாட நேரமில்லை. "ஓடு, உன் கோலுக்கு ஓடு!" என்று எல்லாரும் துரத்தினார்கள். சிரித்துக்கொண்டே ஓடினேன். கடைசி எறி தோளில் பட்டுக் காலடியில் விழுந்தது. மட்டையால் மூடி அதன்மேல் படுத்துவிட்டேன். நேரம் முடிந்த சத்தம் கேட்ட பிறகும் எழும்பவில்லை.

அப்பாவுக்குக் குரல் அடைத்துப்போயிருந்தது. கையால்தான் பேசினார். அவரின் கூட்டாளி அண்ணை ஒருவர், "தங்கச்சி, கீப்பர் போய் கோல் போடலாமோ? சட்டத்திலை இருக்கோ?" என்று மூன்றுதரம் கேட்டார். "ஓம் அண்ணை, இருக்கு" என்றேன். அம்மா ஒன்றும் கேட்காமல் கப்டனைத் தேடிப்போய், அவளின் இரண்டு கையிலும் றோல்ஸ் திணித்தா. "இவள் இல்லாட்டி இண்டைக்கு நீ அழுதுகொண்டுதான் வீட்டை வந்திருப்பாய்" என்று என்னைப் பார்த்துச் சொன்னா. நான் மொழிபெயர்த்தேன். கப்டன் வாய் நிறைய றோல்ஸோடு பலமாகத் தலையாட்டினாள்.

அந்த வெற்றியால் அரையிறுதிக்குப் போனோம். அங்கே மற்றக் கீப்பர் வந்துவிட்டாள், நான் தடுப்பு வரிசைக்குத் திரும்பினேன், ஒரு கோலால் தோற்றோம். திரும்பிவர எயார்போட்டில் விமானத்துக்குக் காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் கப்டன் எழும்பி மட்டையை எடுத்தாள். நானும் எடுத்தேன். கதிரை வரிசைகளுக்கு மேலால் பந்தை அங்கும் இங்கும் எறிந்தோம். பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக எழும்பி வந்தார்கள். சீருடை போட்ட ஒரு அலுவலர் வந்து, இது விளையாடுகிற இடமில்லை என்று கண்டிப்பாகச் சொன்னார். சரி என்றோம். அவர் வளைவில் திரும்பியதும் பந்து மறுபடி மேலே போனது.