யோபுவின் முதல் பத்துப் பிள்ளைகள்

நான் இப்போது மகனோடு இருக்கும் ஜெர்மனிக் குடியிருப்பில், காலை ஆறு மணிவரை சத்தம் போடக் கூடாது. ‘ரூஹெட்சைட்’ என்கிறார்கள், அமைதி நேரம். ஆணி அடிக்காதே, துணி துவைக்கும் மிஷினைப் போடாதே என்று படிக்கட்டில் தாள் ஒட்டியிருக்கிறது. வேதம் வாசிக்காதே என்று அதில் இல்லை. ஆனாலும் போன நவம்பரில் கீழ்வீட்டு அம்மையார் ஃப்ராவ் க்ளைன் என்னைப் படியில் நிறுத்தி, “தினமும் ஐந்தரைக்கு யாரைத் திட்டுகிறீர்கள்? உங்கள் மகன் நல்லவராகத்தானே தெரிகிறார்?” என்று கேட்டார். நான் வாசித்துக்கொண்டிருந்தது பைபிளில் எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகம். திட்டியது எரேமியா, பெயர் எனக்கு.

“மனசுக்குள்ள படிம்மா, ஆண்டவருக்குக் கேட்கும்” என்றான் மகன். ஆண்டவருக்குக் கேட்கும், எனக்குக் கேட்க வேண்டாமா? எங்கள் பக்கத்தில் வேதம் வாசிப்பது என்றால் வாய்விட்டு வாசிப்பதுதான். உதடு அசையாமல் ஒருவர் வேதத்தை மடியில் வைத்திருந்தால் தூங்குகிறார் என்று அர்த்தம். இருந்தாலும் ஒரு வாரம் மகன் சொன்னபடி செய்து பார்த்தேன். எசேக்கியேலில் இரண்டு அதிகாரத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. ஏன் தாண்டினாய் என்று கேட்பார் இல்லை.

கேட்பதற்கு எனக்கு ஓர் ஆள் இருந்தாள். ஊரில், வடக்குப்பட்டில், எங்கள் வீட்டுக்கும் கன்னியம்மா அக்கா வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தச் சுவரும் ஓடு வரைக்கும் போகாது, மேலே ஒரு முழம் திறந்தே கிடக்கும். தொண்ணூறாம் வருடப் புத்தாண்டில் தினம் ஓர் அதிகாரம் என்று ஆதியாகமத்தில் தொடங்கினேன். என் கணவர் முதல் ஷிப்டுக்குச் சைக்கிளில் கிளம்புமுன் முடித்துவிடுவேன். அந்தப் பக்கம் அடுப்பு பற்றவைத்துக்கொண்டே கன்னியம்மா அக்கா கேட்பாள். “அந்த யாக்கோபு சரியான கேடி” என்று குழாயடியில் சொல்வாள். பலிச் சட்டங்களே நிறைந்த லேவியராகமம் முழுக்கக் கேட்டு முடித்த ஒரே மாரியம்மன் பக்தை அவளாகத்தான் இருப்பாள்.

அடுத்த வருடம் யோபுவுக்கு வந்திருந்தோம். ஆடு மாடும் பத்துப் பிள்ளைகளும் ஒரே நாளில் போய், உடம்பெல்லாம் புண்ணாகி உட்கார்ந்த நல்ல மனிதனின் கதை. அந்த மார்ச் மாதம் என் கணவர் வலது கையைப் பிரஸ் மிஷினில் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியில் படுத்தார். எந்தக் கம்பெனி என்பது இப்போது எதற்கு? எனக்குக் கர்த்தர்மேல் கோபமான கோபம். கணக்காக ஒரு வருடத்துக்குமேல் விடாமல் வாசித்தவளுக்கு இதுதானா என்று இருந்தது. யோபுவைப் பாதியில் மூடி அரிசி டின்மேல் போட்டேன். இனித் தொடுவதில்லை என்பதே முடிவு.

பத்தாம் நாள் கன்னியம்மா அக்கா ரசம் கொண்டுவந்தாள். ஆறுதல் சொல்லப்போகிறாள் என்று முகத்தை அதற்குத் தயாராக வைத்துக்கொண்டேன்.

“இன்னா ஸ்டெல்லா, சத்தத்தையே காணும்? அந்தப் புண்ணு புடிச்ச மனுசன் இன்னா ஆனாரு?”

“எல்லாம் நல்லாயிடுச்சுக்கா. ஆடு, மாடு, ஒட்டகம் எல்லாம் டபுளாக் குடுத்தாரு. ஏழு புள்ள, மூணு பொண்ணு.”

“செத்ததுங்க எய்ந்து வந்துச்சா?”

“இல்லக்கா. புதுசாப் பொறந்ததுங்க.”

“அப்ப மொதல்ல செத்த பத்து?”

“அதப் பத்தி ஒண்ணும் போடல.”

“அவசரத்துல உட்டுட்டு இருப்ப. மறுபடி படி. எங்கனா எய்திகினு இருக்கும்.”

அவளுக்கு நான்கு பிறந்து இரண்டுதான் தங்கியது. ஒன்று பேதியில் போனது, ஒன்று ஏரியில். அவள் அதைப் பேசி நான் கேட்டதில்லை. அதனால் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் காலை விட்ட இடத்திலிருந்து வாசித்தேன். விசுவாசம் திரும்பிவிட்டது என்று சபையில் சாட்சி சொல்லலாம், ஆனால் அது பொய். தொலைந்த பத்துப் பேரைத் தேடித்தான் வாசித்தேன். யோபு முடிந்தது, அவர்கள் இல்லை. “சரி, அடுத்த பொஸ்தகத்துல கீதான்னு பாரு” என்றாள். அப்படியே வெளிப்படுத்தல் வரைக்கும் போய், மறுபடி ஆதியாகமம். கோபம் எப்போது போனது என்று தெரியவில்லை. கணவர் இடது கையால் சாப்பிடப் பழகினார். எங்கள் சபை ஊழியக்காரர் கன்னியம்மாவைச் சபைக்கு ஆதாயமான ஆத்துமா என்று எண்ணி வைத்திருந்தார். அவள் ஆடியில் கூழ் ஊற்றுவதை நிறுத்தவே இல்லை.

படியில் நிறுத்திக் கேட்ட மறுவாரம் ஃப்ராவ் க்ளைன் என்னைக் காபிக்கு அழைத்தார். சமாதானப் பேச்சுவார்த்தை. அப்படி என்னதான் வாசிக்கிறீர்கள் என்றார். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் எரேமியாவை விளக்க முடியாது. யோபு சுலபம்: மனிதன், புண், ஒட்டகம், பத்துப் பிள்ளைகள். கடைசியில் செத்த பிள்ளைகள் எங்கே என்று கேட்டு, கையை விரித்துக் காட்டினேன். அவர் சர்ச்சுக்குப் போகாதவர். ஆனாலும் அலமாரியிலிருந்து தன் பழைய வேதத்தை எடுத்து, கண்ணாடி மாட்டி, முதல் அதிகாரத்தையும் கடைசி அதிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பென்சிலால் ஒரு தாளில் எழுதினார். ஆடு இரட்டிப்பு. ஒட்டகம் இரட்டிப்பு. பிள்ளைகள் பத்து, மறுபடியும் பத்து. “இரட்டிப்பாகத்தான் கொடுத்திருக்கிறார்” என்றார். “முதல் பத்தும் இன்னும் யோபுவின் கணக்கில்தானே இருக்கிறது. மொத்தம் இருபது.” பால் வேண்டுமா என்று அடுத்து கேட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மேசையிலேயே வடக்குப்பட்டுக்குப் போன் போட்டேன். கன்னியம்மா அக்காவுக்குக் காது மந்தம், கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“அக்கா, கெடச்சிடுச்சு. செத்த பத்தும் அவரு புள்ளைங்கதான். அதான் டபுள் ஆவல. மொத்தம் இருபது.”

 

“அப்ப எனக்கு நாலு” என்றாள். “ரேஷன் கார்டுலதான் ரெண்டு.”

பிறகு நான்கு பெயரையும் வரிசையாகச் சொன்னாள். அவற்றில் இரண்டு பெயரை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

என்ன சொல்கிறார் என்று ஃப்ராவ் க்ளைன் கேட்டார். அந்த அளவுக்கு எனக்கு ஜெர்மன் வராது. போனைக் காதிலிருந்து எடுக்காமல், மற்றொரு கையால் நான்கு விரலைக் காட்டினேன்.