கொட்டாத புட்டி

பக்கத்து அறையில் பட்டென்று ஒரு சத்தம். யாரோ மேசையை உள்ளங்கையால் ஓங்கி அறைந்த சத்தம். குடுவை கழுவிக்கொண்டிருந்த புட்டி அண்ணனுக்குக் கை நின்றுவிட்டது. ஆய்வுக்கூடத் தலைவியான டாக்டரம்மா திட்டுவார், மேசையை அடித்து இவர் பார்த்ததில்லை.

பதினெட்டு வருடமாக அந்த ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறார் மனிதர். சோதித்துப் பார்க்காத எந்தப் புட்டியையும் கொட்ட அவருக்கு மனசு வராது. பட்டப்பெயர் வந்ததும் அதனால்தான்.

நேற்று மாலைகூட டாக்டரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். "இது குளிரறையா, உங்க வீட்டுப் பரணாண்ணே? இன்னொரு புட்டியை ஒளிச்சு வெச்சீங்க, வேற துறைக்கு மாத்தச் சொல்லி எழுதிடுவேன்!" எல்லாவற்றையும் கொட்டியாயிற்று என்று வாய்கூசாமல் சொல்லிவிட்டார்.

இப்போது எட்டிப் பார்த்தார். மேசையை அறைந்தது டாக்டரம்மாவேதான். நாலு மாதம் பாடுபட்டுச் சுத்தம் செய்த நொதி. கரைசலில் ஒரு சொட்டு விட்டால் மஞ்சளாக வேண்டும். கரைசலோ நிறமில்லாமல் வெறும் தண்ணீராகவே நின்றது. ஆராய்ச்சிக்கு இனியும் நிதி தருவதா என்று பார்க்க வந்த அதிகாரி பேனாவை மூடினார்.

"நேத்து காலையில வேலை செஞ்சுது சார். கடைசியா ஒருதடவை சுத்தம் பண்ணினப்ப, அதோட ஒட்டியிருந்த துணைப்பொருள் ஏதோ பிரிஞ்சு போயிருக்கு." டாக்டரம்மாவின் குரல் உடைந்தது. "அது இருந்த புட்டியை நானே கொட்டச் சொல்லிட்டேன்."

வாயைத் திறந்தால் மூன்றாம் மனிதர் முன்னால் பொய்யன். இந்த ஆய்வுக்கூடமும் கைவிட்டுப் போய்விடும். திறக்காவிட்டால்? அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை அவருக்கு. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு குளிரறைக்கு ஓடினார். பனிக்கட்டிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து நேற்றைய தேதி போட்ட ஒரு புட்டியைப் பச்சைக்குழந்தையைப் போல ஏந்தி வந்தார்.

"கொட்டலம்மா. பொய் சொல்லிட்டேன்."

டாக்டரம்மா பிடுங்காத குறையாக வாங்கினார். ஒரு சொட்டு. கரைசலில் விட்டுக் கலக்கினார். மெல்ல, மிக மெல்ல, மஞ்சள் படர்ந்தது.

"இன்னும் எத்தனை புட்டி இருக்கு?" என்றார் அதிகாரி, பேனாவைத் திறந்தபடி.

"முப்பத்தேழுங்க."

"முப்பத்தேழா!" டாக்டரம்மா அலறினார். கண்ணில் நீர், உதட்டில் சிரிப்பு.

"இன்னும் ரெண்டு வருஷம் நடத்துங்க" என்று கையெழுத்துப் போட்டு எழுந்தார் அதிகாரி.

"எங்கண்ணே நழுவுறீங்க? அவர் போகட்டும், இருக்கு உங்களுக்கு!"

புட்டி அண்ணன் நல்ல பிள்ளையாகக் கை கட்டி நின்றார். அதிகாரி அவர் தோளைத் தட்டிவிட்டு வெளியேற, டாக்டரம்மாவே போய்க் கதவைச் சாத்திவிட்டு, "முதல்ல அந்த முப்பத்தேழையும் காட்டுங்க" என்றார்.