வெள்ளச்சிக்குக் கட்டிய கட்டு

கிரேப் பேண்டேஜைப் பிரித்து நீட்டும்போது ரப்பரும் வலித் தைலமும் கலந்து ஒரு வாசம் வரும். நான் வேலை பார்க்கும் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையின் முதலுதவி அறையில் அந்த வாசம் அடிக்கும்போதெல்லாம், மீஞ்சூர் கடைத்தெருவின் நடுவே நொண்டி நின்ற ஒரு வெள்ளைக் குதிரை நினைவுக்கு வந்து, முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் போகும்.

எங்கள் வீடு அத்திப்பட்டில். அப்பா அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. அம்மா, தன் அப்பா விட்டுப்போன வெள்ளச்சி என்ற பெண் குதிரையை மாப்பிள்ளை ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விட்டாள். அதைப் பிடித்து நடத்திப் போனவர் அம்மாவின் தம்பி ஏழுமலை மாமா. எப்போதாவது 'தண்ணி' போடுவார் என்பதைத் தவிர மாமாவின் மேல் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளச்சியின் காலில் அம்மா ஒரு நூலைக்கூடச் சுற்ற விடமாட்டாள். சாம்பல் பறக்கிற ஊர், துணிக்குள்ளே சாம்பல் போனால் தோலை அரைத்துவிடும், துணி மூடியிருந்தால் கால் சூடு கண்டாலும் தடவுகிற கைக்குத் தெரியாது என்பாள். சாயங்காலம் நான்கு கால்களையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எங்களுக்கே சோறு போடுவாள்.

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது, என்னோடு படித்த ஒருத்தி ஞாயிற்றுக்கிழமைகளில் குதிரையேற்றம் பழகப் போவாள். அவள் காட்டிய போட்டோவில் குதிரையின் நான்கு காலிலும் நீல நிறத்தில் 'பூட்ஸ்' பளபளத்தது. அவளுடைய அண்ணன் கல்யாணத்துக்கு வெள்ளச்சியைத்தான் பேசியிருந்தார்கள். "உங்க குதிர இன்னா, வெறுங்காலோட வந்து நிக்குமா?" என்று அவள் கேட்டதும் வகுப்பே சிரித்தது, எனக்கு மானமே போனது. அந்த பூட்ஸுக்குள் மெத்தை வைத்திருப்பார்கள், சவாரி முடிந்ததும் கழற்றிக் கழுவிக் காயவைப்பார்கள் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.

கல்யாணத்தன்று அம்மா காய்ச்சலில் படுத்திருந்தாள். அப்பாவின் முழங்கால் பிசகியபோது வாங்கிய இரண்டு கிரேப் பேண்டேஜ்களை எடுத்துப்போய், பஞ்சு கிஞ்சு எதுவும் வைக்காமல், இறுக்க இறுக்க எடுப்பாக இருக்கும் என்று நினைத்து, வெள்ளச்சியின் முன்னங்கால்களில் சுற்றினேன். க்ளிப் தொலைந்திருந்ததால் நுனியை இரண்டாகக் கிழித்து, பள்ளிக்கூடம் போகும்போது அம்மா என் பின்னலில் ரிப்பன் கட்டிவிடுவதைப் போலவே பூ முடிச்சுப் போட்டேன். மாமா வந்து பார்த்துவிட்டு இது ஏது என்றார். அம்மாதான் கட்டச் சொன்னாள் என்று கூசாமல் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டே ஓட்டிப்போக, நானும் பெருமையாகப் பின்னால் போனேன்.

கடைத்தெரு தாண்டுவதற்குள் வெள்ளச்சி நொண்டத் தொடங்கியது. மாப்பிள்ளை இறங்கி, மாலையும் கழுத்துமாக ஆட்டோவில் ஏறிப்போனார். வீட்டில் அம்மா காய்ச்சலோடு எழுந்து வந்து தரையில் உட்கார்ந்து கட்டை அவிழ்த்தாள். உள்ளே வேர்வையும் சாம்பலும் சேறாகித் தோல் உரிந்திருந்தது. பின்பக்க நரம்பு வீங்கி, தொட்டால் கொதித்தது. இன்னும் அவிழ்க்காத அடுத்த காலின் முடிச்சைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தவள், "யாரு கட்னது?" என்றாள்.

"மாமா" என்றேன்.

மாமா என்னை ஒரே ஒரு முறை பார்த்தார். அம்மா நிமிராமல், "இனிமே நீ குதிரையத் தொடாத, ஏழுமல" என்றாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். குடித்துவிட்டுக் கட்டியிருப்பான் என்று ஊரே பேசியது. அதையும் கேட்டுக்கொண்டு நான் வாயைத் திறக்கவில்லை. வெள்ளச்சி அதற்குப்பின் எந்த ஊர்வலத்துக்கும் போகவில்லை.

இன்று வெள்ளச்சியும் இல்லை, அம்மாவும் இல்லை. கொட்டகை இருந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன; மாப்பிள்ளைகள் பூ ஜோடித்த ஜீப்பில் வருகிறார்கள். மாமா எங்கள் தொழிற்சாலைக்குப் பக்கத்துக் கம்பெனியில் வாட்ச்மேன். போன மாதம், எங்கள் வீட்டில் குதிரை இருந்ததை அறிந்த, என்னோடு வேலை செய்பவர் ஒருவர், தன் மகள் குதிரையேற்றம் பழகுவதாகவும், குதிரையின் காலுக்கு பூட்ஸ் வாங்கலாமா வேண்டாமா என்றும் கேட்டார். அன்று வேலை முடிந்ததும் நேரே மாமாவின் கேட்டுக்குப் போய், இத்தனை வருஷம் கழித்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மாமா சிரித்தார். "நீ கட்டினதுன்னு எனக்குத் தெரியாததா பாப்பா? உங்கம்மாவுக்கும் அன்னிக்கே தெரியும். தெனம் உன் தலைல அவ போட்டுக்கினு இருந்த முடிச்சாச்சே. ஆனா பாத்துட்டும் அவுக்காம ஓட்டிக்கினு போனது நான்தானே, அதான் அவளுக்கு என் மேல கோவம்."

பிறகு எனக்கு உட்காரத் தன் நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.