ஓரத்தில் எழுதியவர்கள்

அடுத்தவர் கிறுக்கிய புத்தகம் என்றால் எல்லாருக்கும் எரிச்சல் வரும். எனக்கு அந்தப் புத்தகம்தான் வேண்டும். பெரம்பலூரில் ஒரு வாடகைப் புத்தகக் கடையை மூடினார்கள். அதிலிருந்த நாவல்கள் எல்லாம் அரியலூரில் பழைய பேப்பர் கடைக்கு வந்து சேர்ந்தன. காலேஜ் முடிந்து திருச்சியிலிருந்து ரயிலில் வந்து இறங்கினால் நேராக அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். கிறுக்கல் உள்ளதாகப் பார்த்துப் பொறுக்குவேன். "நல்லதை வுட்டுட்டுக் குப்பையை எடுக்கிறியேம்மா" என்பார் கடைக்காரர்.

அப்படி என்னதான் கிறுக்கியிருந்தார்கள் என்கிறீர்களா? 'இவளுக்கு அறிவே கிடையாது.' 'கொலை செஞ்சது டாக்டர்தான், மேலே படிக்காதே.' 'கடைசி நாலு பக்கத்தைக் கிழித்தவன் உருப்பட மாட்டான்.' அதற்குக் கீழே வேறொரு பேனாவில், 'சாபம் கொடுக்காதே, நான் உன் அண்ணன்தான்.' படித்துவிட்டு நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பேன்.

தனியாக என்று சும்மா சொல்லவில்லை. வீட்டில் நானும் அப்பாவும்தான். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அம்மா இறந்துபோய்விட்டாள். அப்பா சிமெண்ட் லாரி ஓட்டினார். வேப்பந்தட்டை வழியாகச் சேலம், அதற்கும் அப்பால். கிளம்பினால் என்றைக்குத் திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. துணைக்குப் பக்கத்து வீட்டு அக்கா வந்து படுப்பார், படுத்த கையோடு தூங்கியும்விடுவார். பேச்சுத் துணை என்றால் எனக்கு இந்த ஓரத்து ஆட்கள்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர்கள் இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

ஒரு நாவலில் தாயில்லாத பெண் ஒருத்தி ஊரை விட்டுப் போவாள். அந்தப் பக்கத்தில் யாரோ புத்தகத்தைச் சாய்த்துப் பிடித்து, ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை பென்சிலால் எழுதியிருந்தார்கள். 'இதைப் படித்து நான் மட்டும்தான் அழுதேனா?' வாடகைப் புத்தகத்தில் கேட்ட கேள்விக்கு யார் பதில் சொல்லப்போகிறார்கள். நான் சொன்னேன். அதை ஒட்டியே பேனாவால், 'இல்லை, நானும்தான்' என்று எழுதினேன். அத்தனை புத்தகத்திலும் நான் எழுதியது அது ஒன்றுதான்.

கடைசி வருஷம் படிக்கையில் யுனிவர்சிட்டியில் ஒரு பரிசு அறிவித்தார்கள். புத்தகமோ படமோ சேர்க்கிற மாணவர்கள், எதைச் சேர்க்கிறோம், ஏன் சேர்க்கிறோம் என்று எழுதி அனுப்ப வேண்டும். பிடித்திருந்தால் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லிப் பார்ப்பார்கள். எனக்குப் பரிசு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. என் ஆட்களை இன்னொருத்தர் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். எழுதிப் போட்டேன், வரச் சொல்லிவிட்டார்கள்.

அப்பாவிடம் டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினேன். அவர் ஒன்றை எடுத்ததும் அட்டை தனியாக வந்துவிட்டது. "இந்தக் கந்தலையா யுனிவர்சிட்டிக்குத் தூக்கிட்டுப் போவே?" என்றார். "அதைத்தாங்கப்பா பாக்கணுங்கிறாங்க" என்றேன். அதற்குள் லாரி முதலாளி ஆள் அனுப்பிவிட்டார். பேச்சு அதோடு நின்றது.

நான் அத்தை வீட்டுக் காதுகுத்துக்குத் திருமானூர் போய்விட்டு வந்தபோது அப்பா குளித்து, சலவை வேட்டி கட்டி, வாசலிலேயே நின்றார். "உள்ள வந்து பாரு" என்றார். பெட்டி நிறையச் சிவப்புக் காலிகோ துணி பைண்டிங். ஒவ்வொன்றின் முதுகிலும் தங்க எழுத்தில் என் பெயர், பக்கத்தில் பி.ஏ. நான் அதை இன்னும் முடிக்கவே இல்லை.

ஒன்றைப் பிரித்தேன். மூன்று பக்கமும் மிஷினில் கொடுத்து வெட்டியிருந்தது. அச்செழுத்து விளிம்பை இடித்துக்கொண்டு நின்றது. "ஓரமெல்லாம் ஒரே கிழிசலு, கிறுக்கலு வேற. நல்லா உள்ள தள்ளியே வெட்டச் சொல்லிட்டேன்" என்றார். குடியைக் கெடுத்தீர்களே என்று தொண்டைவரை வந்துவிட்டது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாருக்குங்கப்பா" என்றேன். அன்றைக்கு அம்மா போனதைவிட அதிகமாக வலித்தது என்றால் தப்பாக நினைக்காதீர்கள்.

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அப்பா லீவு சொல்லிவிட்டுப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ரயில் ஏறிவிட்டார். திருச்சியில் ஒரு ஹாலில் மேஜை போட்டு உட்காரவைத்தார்கள். பார்க்க வந்த மேடம் நான் எழுதியதைக் கையிலேயே வைத்திருந்தார். ஆசையாக ஒரு புத்தகத்தைப் புரட்டினார், அப்புறம் இன்னொன்று. "ஓரத்துல எழுதினவங்களைப் பத்தி அவ்வளவு நல்லா எழுதியிருந்தியே, அவங்கள்லாம் எங்கம்மா?" என்று கேட்டார்.

"பைண்டிங்ல போயிட்டாங்க மேடம்" என்றேன். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகத்தான் சொன்னேன். அப்பா என் முதுகுக்குப் பின்னால்தான் நின்றார். மேடம் அடடா என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். மளிகைக் கடைக் காலண்டர் படங்கள் சேர்த்திருந்த ஒரு பையனுக்குப் பரிசு போனது.

திரும்பும்போது ரயிலில் அப்பா லால்குடியில் வேர்க்கடலை வாங்கி என் கையில் வைத்தார், தனக்கு வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் எங்கோ போனவர் ஒரு சாக்கு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பைண்டர் கடையில் வெட்டி விழுந்த காகிதம். இன்னும் எடைக்குப் போடவில்லையாம். கூடத்தில் கொட்டினார். யார் யாருடைய நோட்டோ புத்தகமோ, எல்லாம் விரல் அகல நறுக்குகள். "விடுங்கப்பா, இதுல எங்க கிடைக்கப்போவுது" என்றேன். "நீ சும்மா இரு" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நானும் எதிரே உட்கார்ந்தேன். இத்தனை நேரம் நாங்கள் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததே கிடையாது.

மத்தியானம்வாக்கில் ஒரு நீளத் துண்டை எடுத்தார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். "இதைப் படித்து நான் மட்டும்தான் அழுதேனா." நிறுத்தினார். பக்கத்து வரியையும் படித்தார். "இல்லை, நானும்தான்." அவருக்கு வரும் கடிதங்களுக்கெல்லாம் நான்தான் பதில் எழுதுவேன். என் கையெழுத்து அவருக்கு நன்றாகத் தெரியும்.

"இது நீ எழுதுனதுல்ல?"

"ஆமாங்கப்பா."

"எப்ப அழுவுன?"

"போன மழைக் காலத்துல."

"நான் எங்க இருந்தேன்?"

"லோடுக்குப் போயிருந்தீங்க."

அந்தத் துண்டை மடிக்காமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு குனிந்து அடுத்ததை எடுத்தார்.