காது ஊசியும் மெத்தடோனும்

சிவநேசன் தொடர்ந்து சில நாள் கடைக்கு வராதபோதே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஹென்டர்சனில் நான் பார்மசிஸ்டாக இருந்த கடையில், தினமும் காலையில் என் கண் முன்னால் மெத்தடோன் குடித்துவிட்டுப் போகிறவர் அவர். வேர்ஹவுஸ் வேலையில் முதுகில் அடிபட்டது. வலிக்குக் கொடுத்த ஓபியாய்டு என்ற அபின் வகை மாத்திரையை அப்புறம் அவரால் விட முடியவில்லை. அந்தப் பிடியிலிருந்து மீளத்தான் மெத்தடோன். தெரிந்தவர்கள் கண்ணில் படக் கூடாதென்று, நகரின் இன்னொரு பக்கத்தில் தான் குடியிருக்கும் லின்ஃபீல்டிலிருந்து அவ்வளவு தூரம் வருவார். இப்போது ஃபோனையும் எடுக்கவில்லை.

அன்று மத்தியானம் ஒரு சீனப் பெண்மணி அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். கூடவே சிவநேசனின் மனைவி மாலினி. சிவநேசனுக்கு மூக்கு ஒழுகியது, வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது.

"இவதான் மிஸஸ் லின். அக்குபங்சர் செய்யிறவ," என்றார் மாலினி. "காதில ஊசி போட்டாப் பிறகு இவர் நல்லா நித்திரை கொண்டவர். சுகமாயிட்டுது எண்டு நினைச்சு மெத்தடோனை விட்டிட்டார். எனக்கும் சொல்லேல்லை."

நான் மிஸஸ் லின்னைப் பார்த்து, "நிறுத்தச் சொன்னது நீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. மெத்தடோனுக்குப் பதிலாகச் சீன மூலிகை கேட்டுச் சிவநேசன் அன்று காலை வந்ததாகவும், அப்போதுதான் விஷயம் தெரிந்ததாகவும் சொன்னார். மூலிகை தர மறுத்து, கிளினிக்கை மூடிவிட்டுத் தன் காரிலேயே கூட்டி வந்திருக்கிறார்.

"வழமையாத் தாறதைத் தாங்கோ, தங்கச்சி," என்றார் சிவநேசன்.

"முடியாதுண்ணா. இத்தனை நாள் விட்டதுல உடம்புக்குப் பழக்கம் குறைஞ்சிருக்கும். பழைய டோஸைக் குடிச்சா மூச்சே நின்னுடலாம். மெத்தடோன் எழுதித் தர்ற டாக்டர்கிட்ட பேசுறேன்."

உடனே அழைத்து வரச் சொன்னார் டாக்டர். கிளம்பும் முன் சிவநேசன் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். "வாழ்நாள் முழுக்க மருந்து குடிக்கிறவன் எண்ட பேர் எனக்கு வேண்டாம்."

மாலினி அதை ஆங்கிலத்தில் சொன்னதும் மிஸஸ் லின் சிவநேசன் பக்கத்தில் உட்கார்ந்தார். "நானும் தினமும் பிரஷர் மாத்திரை போடுகிறேன். என் ஊசி எனக்கே அதை நிறுத்தவில்லை," என்றார். சிவநேசன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

டாக்டர் குறைந்த டோஸில் மறுபடி ஆரம்பித்தார். காது ஊசியையும் தொடரலாம் என்றார். ஊசி அவருடைய அடிமைத்தனத்தைப் போக்கியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது போட்ட நாட்களில் பதற்றம் அடங்கித் தூக்கம் வருகிறது என்று அவரே சொல்வார். மெத்தடோனை டாக்டர் தேவையான அளவுக்கு ஏற்றி, பிறகு மெல்ல மெல்லக் குறைத்தார். இப்போதும் தினம் கொஞ்சம் குடிக்கிறார். வேலைக்கும் திரும்பிவிட்டார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வேறு என்ன வைத்தியம் பார்க்கிறார் என்று நோயாளியிடம் கேளுங்கள். பதில் எதுவானாலும் முகம் சுளிக்காதீர்கள். சுளித்தால் அடுத்த முறை மறைத்துவிடுவார். மெத்தடோன் குடிக்கிறவர், வேறு வைத்தியத்தை நம்பி அதை விட்டதையும் சேர்த்து மறைத்தால், அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.