அப்பா பெயரில் ஆறு வருடம்

நெரெய்தாவுக்குப் பத்தொன்பது வயது. பதிமூன்று வயதிலிருந்து ஓவாஹாக்கா மலையில் இருக்கும் தன் ஊருக்காகக் கல் சுமந்திருக்கிறாள், வாய்க்கால் தூர் வாரியிருக்கிறாள், சாலை சரிந்தால் மண் அள்ளியிருக்கிறாள். மாதம் ஒரு ஞாயிறு தெகியோ, அதாவது ஊர்ப் பொதுவேலை. வீட்டுக்கு ஓர் ஆள் கூலியில்லாமல் வந்தே ஆக வேண்டும். அப்பா தெலேஸ்போரோ கலிஃபோர்னியாவில் ஸ்ட்ராபெரி பறிக்கப் போய்விட்டார். அம்மாவுக்கு ஓயாத இடுப்பு வலி. அதனால் அவள் போனாள். அதைச் சேவை என்று ஒருநாளும் நினைத்ததில்லை. பல் விளக்குவதை யாராவது சேவை என்று சொல்வார்களா?

அதனால்தான் கல்லூரி உதவித்தொகை விண்ணப்பத்தில், சமூக சேவை செய்த மணிநேரம் எவ்வளவு என்ற கட்டத்தில் சைபர் போட்டாள். ஆசிரியை ஹசிந்தா தலையில் அடித்துக்கொண்டார்.

"நானூறு மணிநேரம் கேக்குறாங்க. நீ அதுக்கு மேலயே செஞ்சிருக்கடி. வெள்ளிக்கிழமை கடைசி நாள். தலைவர்கிட்ட போய் முத்திரை வாங்கிட்டு வா. இந்தப் பணம் இல்லேன்னா உனக்குக் காலேஜ் இல்ல, தெரியுமில்ல?"

ஊர்த் தலைவர் அப்சலோன், தெகியோ வருகை நோட்டை எடுத்து விரித்தார். ஆறு வருடமும், மாதம் தவறாமல், ஒரே வரி: தெலேஸ்போரோ, வந்தார்.

"மாமா, வந்தது நான்தானே? போன மாசம் என் கால்மேல கல்லைப் போட்டதே நீங்கதானே?"

"போட்டேன், யாரு இல்லேன்னது? ஆனா கணக்குல வந்தது உங்கப்பன். நீ அவன் கை, அவ்வளவுதான். நீ வந்ததா எழுதினா, அவன் ஆறு வருஷமா வரலைன்னு ஆயிடும். வராதவனுக்கு ஊர் நிலத்துல பங்கு ஏது புள்ள?"

நெரெய்தாவுக்குத் தலை சுற்றியது. கல் சுமந்து தோள் வீங்கியது யாருக்கு? ஆனால் அவர் சொல்வதும் பொய்யில்லை, அப்பாவுக்காகத்தான் போனாள். அப்படியானால் அவள் போட்ட சைபர்தான் சரியோ? கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அன்று மாலை அப்பாவைப் போனில் பிடித்துச் சொன்னாள். அந்தப் பக்கம் பெட்டி அடுக்கும் சத்தத்துக்கு நடுவே அப்பா சொன்னார்:

"என் பேரை அடிச்சிடச் சொல்லு."

"நிலம்?"

"நான் வந்து ஆறு வருஷத்தையும் செஞ்சு கொடுத்துடறேன்னு அப்சலோன்கிட்ட சொல்லு. எப்படியும் முட்டி போயிடுச்சு, இங்க குனிய முடியல."

"குனிய முடியாதவரு இங்க வந்து எப்படிக் கல்லு தூக்குவீங்க?"

"ஊர்க் கல்லு வேற."

வா வா என்று ஆறு வருடம் அழுதபோது வராத மனிதர், அவள் கல்லூரிக்குக் கிளம்பும்போது வருகிறார். சந்தோஷப்படுவதா, சண்டை போடுவதா? இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்துவிட்டுப் போனை வைத்தாள்.

மறுநாள் அப்சலோன், "அவனே வாக்குக் கொடுத்தப்புறம் எனக்கென்ன," என்று முனகிக்கொண்டே எழுபத்திரண்டு இடத்தில் ஒரு பெயரை அடித்து இன்னொரு பெயரை எழுதினார். கடைசியில் சான்றிதழில் முத்திரை குத்தி நீட்டினார்.

"வர்ற ஞாயிறு தெகியோ இருக்கு. உங்கப்பன் எப்ப வரான்?"

"ஒரு மாசம் ஆகும் மாமா."

"அப்ப இந்த வாரம் யாரு?"

"நான்தான்."

அவர் மறுபடியும் நோட்டைத் திறந்தார். "இதையாவது முன்கூட்டியே தெளிவாச் சொல்லிடு. யாரு பேருல எழுத?"

நெரெய்தா கையிலிருந்த சான்றிதழைப் பார்த்தாள். முத்திரையின் மை இன்னும் காயவில்லை.

"அப்பா பேருல," என்றாள்.