ஷூ நுனியில் இரண்டு தட்டு

என் அண்ணன் நஞ்சப்பன் பத்தொன்பது வருடம் கேடியாக இருந்தார். அவருக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்டு, போலீஸ் தேடும் கேடி என்று நினைத்து, தாம்பூலத் தட்டை உள்ளே எடுத்துப்போகப் பார்த்தார்கள். கோல்ஃப் ஆடுகிறவர்களின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கிற வேலை என்று நான்தான் விளக்கினேன்.

ஓசூரைத் தாண்டி, கர்நாடக எல்லைக்குள் இருக்கும் ஒரு மைதானம். திங்கட்கிழமை அங்கே விடுமுறை. ஞாயிறு சாயங்காலம் எங்கள் ஊர் அதியமான்கோட்டைக்கு வந்து, செவ்வாய் விடியலில் திரும்பிவிடுவார்.

ஒரு சாரின் பையை மட்டும் எட்டு வருடம் தூக்கினார். பந்து மரவேரிலோ புதரிலோ மாட்டிக்கொண்டால் அந்த சார் வாயைத் திறக்கமாட்டார். ஷூ நுனியால் தரையில் இரண்டு தட்டு தட்டுவார். அண்ணன் பந்தைத் தேடுவதுபோல முன்னால் போய், காலால் அதை நல்ல புல்லுக்கு நகர்த்திவிடுவார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

"உன் காலுக்குத்தான்டா சம்பளம், கைக்கு இல்ல," என்பாராம் கூட வேலை செய்த மாதவராஜ்.

சாரின் மகளுக்குப் பதினொரு வயது. போன வருடம் ஜூனியர் போட்டியில் அவள் முதன்முதலாக ஆடியபோது அண்ணனையே பை தூக்கச் சொன்னார்கள். காலையில் கேடிகளை வரிசையாக நிற்கவைத்து விதிகளைப் படித்தார்கள். பையைத் தூக்கலாம், மட்டையைத் துடைக்கலாம், மணல் குழியைச் சமப்படுத்தலாம். எந்தப் பக்கம் அடிப்பது என்று சொல்லித் தரக் கூடாது. பந்தை நகர்த்தக் கூடாது. கேடி செய்யும் தப்புக்குத் தண்டனை பிள்ளைக்கு. பெற்றவர்கள் ஓரத்துப் பாதையில்தான் நடக்க வேண்டும்; கேடிக்குச் சைகை காட்டினால்கூடப் பிள்ளையைப் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள்.

பதினான்காவது குழிக்குப் போகும் வழியில் பாப்பாவின் பந்து தைலமர வேருக்குப் பின்னால் போய் நின்றது. அவள் தூரத்தில் வந்துகொண்டிருந்தாள். அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். பாதையில் நின்ற சார் ஷூ நுனியால் இரண்டு தட்டு தட்டினார்.

"நான் யோசிக்கவே இல்ல கண்ணு. கால் தானாப் போயிருச்சு," என்றார் என்னிடம்.

வேறொரு பிள்ளையின் அம்மா அண்ணனின் காலைப் பார்த்துவிட்டார். குறைந்த அடியில் முடிப்பவர் ஜெயிக்கும் ஆட்டம் அது. பாப்பாவின் கணக்கில் இரண்டு அடி கூட்டினார்கள். முதலிடத்தில் இருந்தவள் மூன்றாவதாக வந்தாள். "ஏன் அங்கிள்?" என்று மட்டும் கேட்டாளாம். அப்பாவின் தட்டு அவளுக்குத் தெரியாது.

அண்ணனின் பேட்ஜைப் பிடுங்கிக்கொண்டார்கள். அது இல்லாமல் வாசலுக்குள்ளேயே விடமாட்டார்கள். கார் நிற்கும் இடத்தில் சார் வந்து, "ஒரு மாசம் பொறுத்துக்க நஞ்சப்பா. கமிட்டியில நான் பேசிக்கறேன்," என்றாராம்.

பத்து நாளில் கமிட்டியிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. நான்தான் படித்துச் சொன்னேன். யாராவது சொல்லித்தான் செய்தாரா என்று முப்பது நாளுக்குள் எழுதித் தர வேண்டும். பேர் சொன்னால் பேட்ஜ் திரும்பக் கிடைக்கும். பதில் வராவிட்டால் இனி எப்போதும் கிடையாது.

அன்றைக்கே பதிலை ஆங்கிலத்தில் எழுதினேன். சாரின் பெயர், தைலமரம், இரண்டு தட்டு, எல்லாம் அதில் இருந்தது. அண்ணன் அதைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"இதக் குடுத்தா பாப்பாவ என்ன பண்ணுவாங்க?"

"போட்டியிலிருந்தே அவ பேர எடுத்துருவாங்க. அந்த மூணாவது எடமும் போயிரும்."

"அவங்கப்பன் பண்ணதுன்னு அவளுக்குத் தெரிஞ்சிருமில்ல?"

"தெரியட்டுமேண்ணா. நம்ம வூட்லயும் ரெண்டு பிள்ளைங்க இருக்குதுங்க."

அண்ணி பாஞ்சாலி அடுப்படியிலிருந்தே சொன்னார்: "உங்கண்ணன் காலுக்கு இருக்கற வேகம் வாய்க்கு இல்ல கண்ணு."

அண்ணன் சிரித்தார். தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்.

முதல் வாரம் சார் போனை எடுத்தார். அப்புறம் எடுக்கவில்லை. முப்பதாவது நாள் நான் கேட்டபோது, "தபால்ல போட்டுட்டேன்," என்றார் அண்ணன்.

தொப்பூர் கணவாயில் ஒரு ஓட்டலில் வேலை கிடைத்தது. சாலையோரம் நின்று, லாரிகளைச் சாப்பிட வரச் சொல்லிக் கொடி காட்ட வேண்டும். பதில் வந்ததா என்று கேட்கும்போதெல்லாம், "பெரிய எடம், மெதுவாத்தான் வரும்," என்பார். நான் அந்தக் கமிட்டிக்காரர்களைத் திட்டுவேன். ஆடி மாதம், இறக்கத்தில் பிரேக் பிடிக்காத ஒரு லாரி அவர் நின்ற ஓரத்துக்கே வந்தது. நாற்பத்தொரு வயது.

காரியத்துக்கு மாதவராஜ் வந்திருந்தார். பாப்பா இப்போதும் ஆடுகிறாளா என்று கேட்டேன்.

"நல்லா ஆடுதும்மா. போன மாசம் கூட ஜெயிச்சுது. சாருக்கு இப்ப நான்தான் பை தூக்கறேன்."

நான் அவர் காலைப் பார்த்தேன். அவர் அதைக் கவனித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அவர் போன பிறகு அண்ணியும் நானும் அண்ணனின் பெட்டியைத் திறந்தோம். பச்சைச் சீருடையின் சட்டைப்பையில் நான் எழுதிய தாள் இருந்தது. பிரித்துப் பிரித்து மடித்ததில் மடிப்புகள் நைந்திருந்தன. கையெழுத்துக்கு நான் விட்டிருந்த இடம் வெறுமையாகவே இருந்தது.